மைனஸ் முப்பத்தொன்று

வினிபெக். ஜனவரி. இரவு ஒன்பது பத்து.
மருந்துக்கடை மேலாளர் ஷெரில் அனுப்பிய ஒற்றை வரி:
நாளை வேலை தொடங்க முன்னம் என்னை வந்து பார்.
கடைசியில் ஒரு முற்றுப்புள்ளி.

அந்தப் புள்ளிக்குள்தான் விழுந்தேன்.

முதலில், திங்கட்கிழமை எண்ணிக் கொடுத்த மாத்திரைகள்.
இருபத்தெட்டா, இருபத்தேழா.
பிறகு, போன வாரம் நான் சிரித்தபோது
ஷெரில் சிரிக்காமல் திரும்பியது.
பிறகு வேலை போனது.
பிறகு வாடகை.
பிறகு, எனக்கு எப்போதுமே இப்படித்தான்.
ஒன்பது பதினாறுக்கு
என் முழு வாழ்க்கையும் முடிந்திருந்தது.

அறைத்தோழி மரிசெலும் அதே கடைதான்.
அவளுக்கும் அதே வரி வந்திருந்தது,
அதே புள்ளியோடு.
"ஷிஃப்ட் மாத்தப் போறாள் போல" என்ற மாதிரி ஏதோ சொல்லிவிட்டு
நூடுல்ஸை உறிஞ்சத் தொடங்கினாள்.

அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
நான் மூச்சுத் திணறும் தண்ணீர்
அவளுக்குக் கணுக்கால் மட்டும்கூட இல்லை.

மரிசெலின் தாய் தினமும் போனில் வருவாள்.
அவர்கள் மொழி எனக்குத் தெரியாது.
ஆனால் மரிசெல் எதையாவது உடைத்ததை, தொலைத்ததை,
பஸ்ஸைத் தவறவிட்டதைச் சொல்லும் நாட்களில்
மறுமுனையில் எழும் சத்தம் தெரியும்.
சிரிப்பு.
குத்தாத சிரிப்பு.
அப்படியும் ஒன்று இருக்கிறதென்று
இருபத்துநாலு வயதில் அறிந்தேன்.

அப்பா என்னை அடித்ததில்லை.
நியாயத்துக்காக இதை எழுதியே ஆக வேண்டும்.
திட்டியதும் குறைவு.
காரின் பின்னிருக்கையில் இருந்து பேசத் தொடங்குவேன்,
வகுப்பில் ஓர் ஆமை வந்திருக்கிறது,
அதற்கு என்ன பெயர் வைத்தோம், அது என்ன தின்னும் என்று.
அவர் வானொலிச் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டுவார்.
கொஞ்சம்தான்.
ஓர் ஆமை மூழ்கும் அளவு.

"அப்பா களைச்சுப் போனார்" என்பார் அம்மா.
களைப்புக்குக் காரணம் ஆமை என்று
நானாகவே விளங்கிக்கொண்டேன்.

அதன் பிறகு
கழுத்தின் பின்புறத்தை வாசிக்கப் பழகினேன்.
சாவி மேசையில் விழும் ஓசையை,
செருமலை, கரண்டியை,
கதவு சாத்தப்படும் வேகத்தை.
எல்லாவற்றுக்கும் அர்த்தம் இருந்தது.
எல்லா அர்த்தமும் நான்.

அதே அப்பா
இப்படியான இரவுகளில்
கோட்டுக்கு மேல் கோட்டுப் போட்டுக்கொண்டு வெளியே போவார்.
காரின் மூக்கில் தொங்கும் வயரை எடுத்துச்
சுவரில் உள்ள பிளக்கில் செருகுவார்.
எஞ்சின் உறைந்துவிடக் கூடாது.
பதினொரு மணிக்கு எழும்பி
இன்னொரு தரம் போய்ச் சரிபார்ப்பார்.
யன்னலில் நின்று பார்ப்பேன்.
திரும்பி வர முன்னம் அவர் கையுறை
பொனெற்றை இரண்டு தரம் மெல்லத் தட்டும்.

அந்தக் காருக்கு
என்னைவிட இரண்டு வயது குறைவு.

காலையில் ஷெரில் கேட்டாள்,
வியாழன் ஷிஃப்டை வெள்ளிக்கு மாற்றலாமா என்று.
மாற்றலாம் என்றேன்.
பாத்ரூமுக்குப் போய்ப் பத்து நிமிடம் அழுதேன்.
நேற்றிரவு முடிந்துபோன வாழ்க்கைக்கு
அழ வேறு ஆளில்லை.

மாலை தம்பி எடுத்தான்.
"டிரைவிங் டெஸ்ட் பெயில், அக்கா."

"ம்" என்றேன்.

அது என் "ம்" இல்லை.
அதன் நீளம் எனக்குத் தெரியும்.
அதற்குப் பிறகு வரும் இடைவெளியும் தெரியும்.
அந்த இடைவெளிக்குள் நிவேதனின் மூச்சு
என்னை வாசிக்கத் தொடங்கியது.
பத்தொன்பது வயது. இன்னும் அந்த வீட்டில்தான் இருக்கிறான்,
சாவி விழும் மேசைக்குப் பக்கத்து அறையில்.

டிவி ஓடிக்கொண்டிருந்தது.
ரிமோட் என் கையில்தான் இருந்தது.
நிறுத்தினேன்.

"எந்தத் திருப்பத்தில பிழைச்சது?"

கொஞ்ச நேரம் ஒன்றும் வரவில்லை.
இந்தக் குளிரில் எஞ்சின்
முதல் தரத்திலேயே பிடிக்காது.

பிறகு சொன்னான்:
"போர்ட்டேஜில இடப்பக்கம் திரும்பேக்க
ஒரு நாய் நிண்டது, அக்கா.
நாய்க்குச் சப்பாத்துப் போட்டிருந்தினம்..."

"நாலு காலுக்குமா?" என்றேன்.
"என்ன நிறம்?"